மதலைமுத்து வெட்டிய கொக்கு

உள்ளறையிலிருந்து ‘சர்ர்ர்’ என்று காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது.

கடையில் நின்றிருந்த மதலைமுத்துவுக்கு அந்தச் சத்தம் நெஞ்சைக் கிழித்தது போலிருந்தது. “ஜூலியட்! நிறுத்து! கையை எடு!” என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினார்.

அவர் மனைவி ஜூலியட், பசைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கழிவுக் காகிதத்தைப் பட்டை பட்டையாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாகச் செய்கிற வேலை. ஃப்ரேம் போட்ட படத்தின் பின்பக்கம், அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே பூச்சி புகாமலிருக்கச் சுற்றிலும் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். மதலைமுத்து வெட்டிப்போடும் ஓரத் துண்டுகள் எல்லாம் அவள் கூடைக்குத்தான் வரும்.

“எதுக்கு இப்படிக் கத்துறீங்க? பாம்பு கீம்பு பார்த்தீங்களா?”

“போன வாரம் தோப்புத்துறை லத்தீஃபா கொடுத்த ஜப்பான் படம் இருக்கே, அதுல வெட்டின ஓரம் எங்க? நீளத் துண்டு. எழுத்து இருக்கும், ஒரு சிவப்புக் கட்டம் இருக்கும்.”

“அதுவா? போன திங்கக்கிழமையே ஒட்டிட்டேனே. நல்லா ஞாபகம் இருக்கு. கிழிக்கவே வரலை. துணி மாதிரி இருந்துச்சு. அப்படியே முழுசா வச்சு ஒட்டினேன்.”

“எதுல?”

“கருப்பம்புலம் வைத்தியலிங்கத்தோட சம்சாரம் வேம்பு தவறிப்போச்சே, அந்தப் படத்துக்குப் பின்னாடி.”

மதலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். கடையிலிருந்து லத்தீஃபாவின் குரல் வந்தது. “என்னண்ணே ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, எலி!” என்றார். அந்தப் பொய் நாக்கில் கசந்தது.

லத்தீஃபாவின் கையில் ஓர் ஏர்மெயில் கவர் இருந்தது. சிங்கப்பூரில் ஒரு கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஹபீப் முகம்மது எழுதிய கடிதம். ஜப்பான் நாட்டுப் பறவைப் படங்களையும் பூப்படங்களையும் வீட்டில் மாட்டுவதற்காக விற்கிற கடை அது. மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை வைத்து, கையால் அழுத்தி எடுக்கிற படங்களாம். அவற்றைச் சுருட்டிக் குழாயில் வைத்துக் கட்டி அனுப்புவது ஹபீபின் வேலை. அதில் ஒன்றை, ஊருக்கு வந்த ஒருவரிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். படம் வந்து பத்து நாள் கழித்துத்தான் இந்தக் கடிதம் வந்தது. அதைத்தான் லத்தீஃபா சற்றுமுன் மதலைமுத்துவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

“படத்தோட இடது ஓரத்துல ரெண்டு வரி எழுத்தும் சிவப்பு முத்திரையும் இருக்கும். அது அந்தப் படத்தை எழுதினவர் பேரு. அந்த ஓரம் இல்லாட்டி படம் முழுசு இல்ல. ஃப்ரேம் போடுறவர்கிட்ட மறக்காமச் சொல்லு. பெருநாளுக்கு லீவு கிடைக்கலை. வர்ற வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துடுவேன். சனிக்கிழமை காலையில அது நம்ம வீட்டுச் சுவத்துல இருக்கணும்.”

உள்ளறையிலிருந்து திரும்பி வந்து, “சனிக்கிழமை காலையில நானே கொண்டாந்து மாட்டிடுறேன், நீங்க கவலைப்படாமப் போங்கம்மா” என்றார் மதலைமுத்து. லத்தீஃபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாகப் போனாள். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை.

மதலைமுத்துவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வேதாரண்யத்தில் ‘மாதா கண்ணாடிக் கடை’ என்றால் தெரியாதவர்கள் கிடையாது. சின்ன வயதில் சவப்பெட்டி செய்யும் தச்சுப் பட்டறையில் வேலைக்கு இருந்தவர். எழுபத்தேழாம் வருஷப் புயலில் ஊரே கடலாகக் கிடந்தபோது, செத்தவர்களின் படங்களையெல்லாம் சனங்கள் சேற்றிலிருந்து பொறுக்கி எடுத்து வந்தார்கள். பெட்டிக்கு மிஞ்சிய மரத்தில் சட்டம் அடித்து, அந்தப் படங்களைக் காயவைத்து மாட்டிக்கொடுத்தார் மதலைமுத்து. அன்று பிடித்த தொழிலை அவர் விடவில்லை. தொண்ணூறுக்குப் பிறகு வேலை குவிந்தது. தெருவுக்கு நாலு பேர் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். போனவர்களின் படம் வீட்டில் தொங்க வேண்டுமே! கேலண்டர்களும் பளபளவென்று வர ஆரம்பித்தன. வேளாங்கண்ணி மாதா, முருகன், மக்கா என்று எல்லா வீட்டாரும் கேலண்டர் படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் ஜவுளிக்கடைப் பெயரும் போன் நம்பரும் இருக்கும். மதலைமுத்து கத்தியை வைத்து ஒரே இழுப்பில் அதை வெட்டி எறிவார்.

“கடைப் பேரு இருந்தா அது விளம்பரம். வெட்டினாத்தான் சாமி” என்பார்.

இருபது வருஷமாகப் பழகிய கை. போன திங்கட்கிழமை, ஓரத்தில் எழுத்தைப் பார்த்ததும் அதுவாகவே ஓடிவிட்டது. படம் எதைப் பற்றியது என்றுகூட அவர் கண் பார்க்கவில்லை.

லத்தீஃபா வந்துபோன அன்று மாலைதான் அதை முதல்முறையாகப் பார்த்தார். அட்டைக்குள்ளிருந்து எடுத்து, வாசலோரம் மேசையில் விரித்தார். மேற்கு வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

ஒரு கொக்கு. நாணல் புதருக்கு நடுவே, ஒற்றைக் காலில், கழுத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு நின்றது. வானம் சாம்பல் நிறம். வானமெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நாணலின் வளைவிலும் வெள்ளைச் சுமை. புதருக்குக் கீழே பெயர் தெரியாத ஒரு சிவப்புப் பூ, பாதி மூடியபடி. அவ்வளவுதான் படம்.

கொக்கின் வெள்ளைக்கு என்ன சாயம் போட்டிருப்பான் என்று குனிந்தார். சாயமே இல்லை. சுற்றிலும் சாம்பலைப் பூசி, கொக்கு நிற்கும் இடத்தை மட்டும் வெறும் காகிதமாக விட்டிருந்தான். வரையாமல் விட்ட இடம்தான் கொக்கு!

மதலைமுத்து இன்னும் குனிந்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. வெயில் காகிதத்தின் மேல் படுத்துக்கொண்டு ஊர்ந்தபோது, வெறும் வெள்ளையாக இருந்த கொக்கின் உடம்பில் இறகுகள் எழுந்தன. மார்பில் பொடி இறகு, முதுகில் நீள இறகு, ஒவ்வொன்றிலும் நரம்பு. மை கிடையாது. மையில்லாமல் வெறும் பலகையை வைத்துக் காகிதத்தை அழுத்தியிருக்கிறான். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சாய்ந்த வெளிச்சத்துக்கு மட்டும் பறவை தன் இறகைக் காட்டுகிறது.

“ஜூலியட்... இங்க வா. மூச்சு விடாம வா.”

அவள் வந்து பார்த்தாள். அவர் மாதிரியே குனிந்தாள். பிறகு, “யாருமே பார்க்காமப் போனாலும் போகும்னு தெரிஞ்சே செஞ்சிருக்கானே, அந்த மனுஷன்” என்றாள்.

“அவன் பேரைத்தான் நான் வெட்டி எறிஞ்சிருக்கேன்.”

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. ஜூலியட் சட்டென்று படத்தைத் தள்ளி வைத்தாள். “அழுறதா இருந்தா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க. காகிதத்துல விழப்போவுது.”

மறுநாள் புதன்கிழமை காலை, படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, சைக்கிளில் கருப்பம்புலத்துக்குப் போனார். அறுவடை முடிந்த மாசி மாத வயல்களில் நெல்தாள் மட்டும் நின்றது.

வைத்தியலிங்கத்தின் வீட்டுக் கூடத்தில், மாலைக்குள்ளிருந்து வேம்பு பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் பெரிதாக்கி மதலைமுத்துதான் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். கீழே விளக்கு எரிந்தது. விஷயத்தைச் சொன்னதும் வைத்தியலிங்கத்தின் தங்கை முந்திக்கொண்டாள்.

“நல்லா இருக்கே! ஞாயித்துக்கிழமைதான் பதினாறாம் நாள் காரியம். அதுக்குள்ள மாலை போட்ட படத்தை இறக்கச் சொல்றீங்களே! இது என்ன சைக்கிள் சக்கரமா, கழட்டி மாட்ட?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வா முத்து. எடுத்துக்கோ” என்றார் வைத்தியலிங்கம்.

“அண்ணே, அந்தத் தம்பி வெள்ளிக்கிழமை வந்துடும். வெளிநாட்டுல ஒத்தையாக் கிடந்து, வீட்டுல இதைப் பார்க்கணும்னு வருது.”

“அப்படி என்னய்யா பெரிய படம்?”

மதலைமுத்து கட்டை அவிழ்த்து, அட்டையைத் திறந்து, படத்தைக் கதவோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார்.

வைத்தியலிங்கம் ஐம்பது வருஷம் சேற்றில் நின்ற மனுஷர். மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது என்ன, பஞ்சு பறக்குதா?”

“பனிண்ணே. அந்த ஊருல வானத்திலேருந்து இப்படித்தான் விழுமாம்.”

“அதான் கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு நிக்குது.” அவர் விரல் படத்தைத் தொடாமல் காற்றிலேயே கொக்கின் காலைத் தடவியது. “தூக்கின கால் விரலைப் பாரு முத்து. மொட்டு மாதிரி கூப்பி வச்சிருக்கு. மார்கழி விடியல்ல நம்ம வாய்க்கால்ல வந்து பாரு, அப்படியேதான் கூப்பும். இதை எழுதினவன் நாற்காலியில உக்காந்து எழுதலை. தண்ணிக்குள்ள காலை வச்சுக்கிட்டு நின்னிருக்கான்.”

தங்கையும் எட்டிப் பார்த்தாள்.

“வயல்ல கொக்கைப் பார்த்துக்கிட்டு நான் நின்னுடுவேன். வரப்பு உடைஞ்சு தண்ணி போய்க்கிட்டிருக்கும். ‘அந்தக் கொக்கையே கட்டிக்கிட்டிருக்கலாமே’ன்னு வேம்பு திட்டுவா.” வைத்தியலிங்கம் சுவரிலிருந்த வேம்புவைப் பார்த்து, “ஏம்மா, கொஞ்ச நேரம் வா” என்றார்.

விளக்கைத் தள்ளி வைத்தார். மாலையைக் கழற்றித் தங்கையின் கையில் கொடுத்தார். படத்தைத் தாமே இறக்கினார். மதலைமுத்து பாயை விரிக்கப் போனபோது தடுத்தார்.

“தரையில வைக்க மாட்டேன். நான் புடிச்சுக்கறேன். நீ உன் வேலையைப் பாரு.”

அப்படியே உட்கார்ந்து, மனைவியின் முகத்தைத் தன் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். படத்தின் முதுகு மதலைமுத்துவைப் பார்த்தது. அங்கே, மேல் ஓரத்தில், கறுப்பு எழுத்துகளும் சிவப்பு முத்திரையும்! இந்த ஒன்பது நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு மனுஷனின் பெயர்!

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து பட்டையின் மேல் வைத்தார். மைதாப் பசை இளக வேண்டும். அவசரப்பட்டால் காகிதம் போய்விடும். முத்திரையின் மேல் மட்டும் துணி படாமல் பார்த்துக்கொண்டார். கால் மணி நேரம் போயிற்று. அரை மணி ஆயிற்று. வைத்தியலிங்கம் அசையவேயில்லை. மெல்லிசாகச் சீவிய மூங்கில் சிலாகையை அடியில் கொடுத்து, நெல்மணி அகலம், நெல்மணி அகலமாகப் பட்டையைக் கிளப்பினார் மதலைமுத்து. நெற்றி வியர்வை சொட்டாமலிருக்க, தங்கை தன் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டாள். சற்றுமுன் சண்டைக்கு வந்தவள்தான்!

“மாதாவே, மாதாவே” என்ற முணுமுணுப்போடு பட்டை முழுசாகக் கையில் வந்தது. பூச்சிக்காக ஜூலியட் பசையில் கலக்கும் மயில்துத்தத்தின் நீலம் ஒரு மூலையில் லேசாகப் பிடித்திருந்தது. முத்திரையின் ஒரு பக்கம் சிவப்பு இம்மியளவு கசிந்திருந்தது. வேறு சேதமில்லை.

“அவ முதுகை வெறுமனே விட்டுட்டுப் போயிடாத” என்றார் வைத்தியலிங்கம். கொண்டுவந்திருந்த புதுக் காகிதத்தை மதலைமுத்து அங்கே ஒட்டினார். வேம்பு மறுபடி சுவருக்கு ஏறினாள்.

அடுத்த இரண்டு நாளும் மாதா கண்ணாடிக் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. வழக்கமாகக் கண்ணாடியைப் படத்தின் மேல் இறுக்கி ஆணி அடிப்பார். இதில் அப்படிச் செய்தால் இறகெல்லாம் நசுங்கிவிடுமே! கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே, நாலு பக்கமும், பென்சில் பருமனில் மரக்குச்சிகள் இழைத்துக் கொடுத்தார். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் கொக்கு மூச்சு விட வேண்டும் என்று நினைத்தார். கை வழி கண்டுபிடித்தது. வெட்டிய ஓரத்தைப் படத்தோடு சேர்த்து வைத்தார். முடியளவு கோடு தெரிந்தது.

“மேல ஒரு தங்கக் காகிதப் பட்டை ஒட்டிட்டா யாருக்கும் தெரியாதுங்க” என்றாள் ஜூலியட்.

“கொக்குக்குத் தெரியும்” என்றார்.

“கொக்கு போய் அந்தத் தம்பிகிட்ட சொல்லுமாக்கும்!”

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் தங்கக் காகிதத்தை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோப்புத்துறை வீட்டுக் கூடத்தில் படத்தை மாட்டினார் மதலைமுத்து. தொழுகிற அறையில் உயிருள்ளவற்றின் படம் வைக்கக் கூடாது என்பதால் லத்தீஃபா கூடத்தில்தான் இடம் ஒதுக்கியிருந்தாள். கூடத்திலும் யாராவது தொழ நேர்ந்தால் மூடிக்கொள்ள, பச்சைத் துணியில் ஒரு குட்டித் திரையும் தைத்து வைத்திருந்தாள். எந்தச் சுவர் என்று மட்டும் மதலைமுத்துதான் முடிவு செய்தார். கிழக்கு ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவர்.

முந்தின நாள் ராத்திரி வந்திறங்கிய ஹபீப் முகம்மது, குளித்த தலையோடு வந்து படத்தின் முன் நின்றார். முகம் மலர்ந்தது. அடுத்த கணம் சுருங்கியது. கண்ணாடியின் மேல் அவருடைய பெருவிரல் அந்த முடியளவு கோட்டைத் தடவிக்கொண்டு மேலிருந்து கீழே வந்தது.

“இதை யாரு வெட்டினது?”

லத்தீஃபா திடுக்கிட்டு மதலைமுத்துவைப் பார்த்தாள்.

“நான்தான் தம்பி. கேலண்டர்ல கடைப் பேரை வெட்டுற மாதிரி வெட்டிட்டேன். அம்மா கடுதாசியைக் கொண்டாந்து காட்டினப்பவே சொல்லியிருக்கணும். எலின்னு பொய் சொன்னேன். அவங்க மேல தப்பில்ல.”

“ஆறு வருஷம்ணே!” என்றார் ஹபீப். “எத்தனை ஊருக்கு, எத்தனை வீட்டுக்கு இந்தக் கையால கட்டி அனுப்பியிருக்கேன். ஒரு மூலை மடங்கவிட மாட்டேன். யார் யாரோ வீட்டுச் சுவத்துலெல்லாம் முழுசாத் தொங்குது. என் வீட்டுல ஒண்ணே ஒண்ணு முழுசா இருக்கணும்னு நினைச்சேன். அது பெரிய ஆசையா?”

லத்தீஃபா அழுதுவிட்டாள். மதலைமுத்து தலை குனிந்து நின்றார். இப்படியே வாசல் வழியாகப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் கொக்கு சுவரில் வெறும் வெள்ளையாக நின்றது. திறந்த வாசல் வழியாக வந்த வெளிச்சம் அதன் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“தம்பி, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. ஒரு நிமிஷம்” என்றார்.

வாசற்கதவைச் சாத்தினார். கூடம் இருண்டது. பிறகு கிழக்கு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் நாலு விரல் அகலத்துக்குத் திறந்தார். காலை வெயில் சுவரோடு சுவராக ஊர்ந்து, படத்தின் மேல் படுத்தது.

கொக்குக்கு இறகு முளைத்தது.

முதலில் முதுகில். பிறகு மார்பில். ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளைக்குள் வெள்ளையாக, நூற்றுக்கணக்கில். பனியில் உடம்பைச் சிலுப்பிக்கொண்டது போலிருந்தது.

“யா அல்லாஹ்” என்றாள் லத்தீஃபா.

ஹபீப் ஓரடி பின்னால் போனார். மறுபடி முன்னால் வந்தார். “இது... இது எப்படிண்ணே? நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் ஒண்ணும் செய்யலை தம்பி. நீங்க அனுப்பினதுலயே இருந்துச்சு.”

“நான் பார்த்ததே இல்லையே! கடையில மேலேருந்து ட்யூப் லைட் அடிக்கும். எடுப்பேன், சுருட்டுவேன், கட்டுவேன். ஆறு வருஷமா கையிலேயே வச்சிருந்தேன்... பார்க்கலையேண்ணே!”

அவருடைய கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். ஓரத்துப் பட்டையில் கசிந்த முத்திரையின் மேல் கண் நின்றபோது, “இந்த மூலையில ஏன் நீலமா இருக்கு?” என்று மெதுவாகத்தான் கேட்டார். கருப்பம்புலத்தில் நடந்ததை மதலைமுத்து சொன்னார். வைத்தியலிங்கம் அரை மணி நேரம் மனைவியை மார்போடு பிடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னபோது, ஹபீப் தன்னையறியாமல் லத்தீஃபாவின் பக்கம் திரும்பினார். அவள் கையில் அந்தப் பச்சைத் திரை இன்னும் மடித்தபடியே இருந்தது.

“கோடு இருக்கட்டும்ணே” என்றார். “வர்றவங்க கேட்டா சொல்லிக்கறேன்.”

“டீ போடுறேன், இருங்கண்ணே” என்றாள் லத்தீஃபா. ஆனால் அவள் கண் சுவரை விட்டு வரவில்லை. கால் அடுப்படிக்கு நகரவும் இல்லை. மதலைமுத்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். சுத்தியலையும் ஆணி டப்பாவையும் பையில் போட்டார்.

“டீ இன்னொரு நாளைக்கும்மா. நான் வர்றேன்.”

ஹபீப் வாசல் வரை வந்தார். கதவைத் திறந்ததும் பகல் வெளிச்சம் பொத்தென்று கூடத்துக்குள் விழுந்தது. அவர் பதறித் திரும்பிப் பார்த்தார். சுவரில் இறகுகள் மறைந்து, கொக்கு மறுபடி வெறும் வெள்ளையாகிவிட்டிருந்தது. மதலைமுத்து இன்னும் படியைவிட்டு இறங்கவில்லை. செருப்பில் ஒரு கால்தான் நுழைந்திருந்தது.

“அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. வெயில் ஏறிடும்” என்று சொல்லி ஹபீப் கதவைச் சாத்தினார்.